அழைப்புக் கடிதம் வந்த பின்பு



நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் தீவகத்து வீடொன்றுக்கு வந்து சேர்ந்தால், தாய் அதனைக் கொண்டுபோய்ப் புனித அந்தோனியாரின் பாதத்தில் வைக்கிறாள். தந்தையோ சிபாரிசு செய்யக்கூடிய பெரியவர் எவரேனும் அகப்படுவாரா என்று தேடிப் புறப்படுகிறார். அழைக்கப்பட்ட பிள்ளை, இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறது. தாயை நான் குறைகூறேன். தந்தையைக் கூறுவேன். பிள்ளையைக் குறித்தே மிகவும் கவலையுறுகிறேன்.

என்ன பேசுவது என்று கவலைப்பட வேண்டாமென ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே, சுவாமி, என்று சிலர் கேட்பதுண்டு. மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் அவ்வாக்கு, விசுவாசத்தின் பொருட்டு ஆளுநர் முன் இழுத்துச் செல்லப்படுவோருக்கு உரைக்கப்பட்டது. எழுதுவினைஞர் பதவிக்கு விண்ணப்பித்தவருக்கு அன்று. சிறையிலிருந்து பார்வோனிடம் அழைக்கப்பட்ட யோசேப்பு, முகச்சவரம் செய்து, உடை மாற்றிக்கொண்டே சென்றார் என்பதைத் தொடக்கநூல் மறவாமல் குறிப்பிடுகிறது.

நெகேமியாவின் வரலாறு இன்னும் தெளிவானது. பாரசீக மன்னனுக்குப் பானம் பரிமாறியவர் அவர். எருசலேமின் மதில்கள் இடிந்து கிடக்கும் செய்தி கிஸ்லேவு மாதத்தில் அவருக்கு எட்டியது. மன்னன் அவரது விருப்பத்தை வினவியதோ நீசான் மாதத்தில். இடையே ஏறத்தாழ நான்கு மாதங்கள். அவர் நோன்பிருந்து மன்றாடினார். ஆனால் அத்துடன் நின்றுவிடவில்லை என்பது அவர் அளித்த விடையிலே தெரிகிறது. பணிக்கு எவ்வளவு காலம் வேண்டும், எந்த ஆளுநர்களுக்கு மடல் வேண்டும், வாயில்களுக்கு மரம் தரவேண்டிய வனக்காவலர் யார் என்பதெல்லாம் அவர் நாவில் ஆயத்தமாயிருந்தன. கேள்விக்கும் விடைக்கும் நடுவே ஒரு கணம் விண்ணகக் கடவுளை வேண்டினார். நான்கு மாத ஆயத்தம் இருந்தபடியால் அந்த ஒரு கணம் போதுமாயிற்று.

நெடுந்தீவுப் பிள்ளையின் ஆயத்தம் கடலோடு தொடங்குகிறது. குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியே யாழ் நகருக்குப் பேருந்து. வாடையோ சோளகமோ பலத்தால் படகே இல்லை. காலை ஒன்பது மணிக்கு அழைத்த சபை கடலின் கொந்தளிப்பைக் காரணமாக ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது. முதல் நாளே கடல் கடந்துவிட வேண்டும். அடுத்தது சான்றிதழ்கள். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இங்கு பல. பெயரின் ஓரெழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருப்பதைச் சபையோர் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பானேன்? முன்னரே பிரதேச செயலகத்தில் விசாரிப்பது செபத்துக்கு விரோதமன்று. விண்ணப்பித்த திணைக்களம் என்ன செய்கிறது என்றே அறியாமல் போய் அமர்வோரும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்ல!

மொழியச்சம் பலரைப் பின்னிழுக்கிறது. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமையில் குருவாகத் திருநிலை பெற்ற பின்னரே தமிழை ஆழமாகக் கற்க முற்பட்டார். 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். ஆங்கிலமும் சிங்களமும் இனி வராது என்று இருபத்திரண்டில் கைவிரிப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். அதற்காக, தெரியாததைத் தெரியும் என்று சபையில் சொல்லவும் வேண்டாம்.

சிபாரிசைக் குறைகூறுவேன் என்றேன். ஒருவர் பெயரைத் தொலைபேசியில் சொல்லி மேலேற்றும்போது இன்னொருவர் கீழிறக்கப்படுகிறார். அவர் பெரும்பாலும் எந்தப் பெரியவரையும் அறியாத, தகப்பனைக் கடலுக்குப் பறிகொடுத்த பிள்ளை. பங்குத்தந்தையரிடமும் இக்கோரிக்கை வருகிறது. அறிந்த நடத்தைக்கு நற்சான்றிதழ் தருவது எம் கடமை. அதிகாரியிடம் 'ஒரு சொல்' சொல்லிவைப்பது களவுக்குத் துணைபோவதாகும்.

செய்யத்தக்க உதவி வேறுண்டு. யாழ் நகரில் வீடுள்ள தீவகத்தார் அந்தப் பிள்ளைக்கு ஓரிரவு தங்க இடம் கொடுக்கலாம். பங்கிலுள்ள ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மேசையொன்றைப் போட்டு, அழைப்புக் கடிதம் வந்த பிள்ளைகளை எதிரே அமர்த்தி, அரை மணி நேரம் கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.