நிலம் மாறினால் துப்பாக்கியும் மாறும்

1977இல் வெளிவந்த 'டிராவலர்' முதலாக, அறிவியல் புனைவைத் தழுவிய பாத்திரமேற்கும் விளையாட்டுகளில் ஒரு பழைய வழக்கு உண்டு. 'காற்றில்லாத இடத்தில் துப்பாக்கி வெடிக்காது' என்பர் ஒரு சாரார்; 'கற்பனைக்குள் இயற்பியல் எதற்கு?' என்பர் மறுசாரார். இரு சாராரும் பிழைபடுகின்றனர்.

வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே கொண்டது. 1975இல் சோவியத்தின் சல்யூட் 3 நிலையத்துப் பீரங்கி விண்வெளியிலேயே சுடப்பட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வெற்றிடத்தில் மசகெண்ணெய் ஆவியாகும். குழலின் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்றில்லை. வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் சுமார் 460 பாகை செல்சியஸ். விசையைத் தொடுமுன்பே தோட்டா தானாக வெடித்துவிடும். சனியின் துணைக்கோளான டைட்டனிலோ காற்று நம்முடையதைவிட நான்கு மடங்கு அடர்ந்தது. குண்டு விரைவிலேயே வேகமிழக்கும்.

தொல்காப்பியம் கற்றவர்க்கு இது புதிதன்று. நிலமும் பொழுதுமே முதற்பொருள். பறையும் யாழுமே நிலத்துக்கு நிலம் வேறுபடும்போது துப்பாக்கி மட்டும் மாறாதிருக்குமா? எங்கும் ஒன்றுபோலச் சுடும் ஆயுதத்தைக் கையில் கொடுத்தால் வேற்றுக்கோள் வெறும் திரைச்சீலையாகிவிடும். வெள்ளியில் நிற்பவன் பகைவனுக்கு முன் தன் இடுப்பிலுள்ள தோட்டாவுக்கு அஞ்ச வேண்டும். அந்த அச்சத்தை ஆடுபவனிடமிருந்து பறிக்கும் விதிநூலைக் கற்பனை வளம் என்று புகழாதீர்கள்; அது சோம்பல்.