கடனும் ஒரு வியாதிதான். வாய் திறந்தால்தான் தீரும்



இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, முதுகுவலி என்று இந்தப் பகுதியில் எழுதினால் ஒத்துக்கொள்கிறீர்கள். இந்த முறை வட்டிக் கடனைப் பற்றி எழுதுகிறேன். "சுகாதாரப் பகுதியில் கடனுக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர் செம்பனைக் குலை வெட்டுபவர். கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள். உப்பைக் குறைத்தார், கருவாட்டை விட்டார். அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் அவர் மனைவிதான் உடைத்துச் சொன்னார்: "அண்ணே, இவரு ராத்திரியில தூங்குறதே இல்ல. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துக்கிறாரு."

பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் வாங்கிய கடன். சம்பளம் போட்டதும் கட்டிவிடலாம் என்ற நினைப்பு. ஆயிரம் வெள்ளி என்று பேச்சு. கைக்கு வந்தது 800. வாரம் 100 வெள்ளி வட்டி. இருபது வாரத்தில் 2,000 வெள்ளி கட்டிவிட்டார். முதல் ஆயிரம் மட்டும் அப்படியே நிற்கிறது! பேங்க் கார்டும் ஆலோங் கையில். மாத்திரை தீர்ந்தும், பஸ்ஸுக்குக் காசில்லாமல் கிளினிக்குக்குப் போகாத வாரங்கள் உண்டு. இதை வியாதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

தோழர்களே, என் கருத்து இதுதான். நம்மை வட்டி அரைவாசி கொல்கிறது. மீதியை வெட்கம் கொல்கிறது. சம்பள உயர்வுக்காக முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்து பேசிய சங்கம் நம்முடையது. அப்படிப்பட்ட நமக்கு வட்டிக்காரரிடம் தவணை பேச மட்டும் ஏன் நாக்கு ஒட்டிக்கொள்கிறது? நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று தனியாகப் போகிறோம். தலையைத் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை மறந்துவிட்டோம்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அடமானம் இருந்தால் 12 விழுக்காடுதான். ஆயிரம் வெள்ளிக்கு ஒரு வருடத்தில் வட்டி 180, மொத்தம் 1,180. பன்னிரண்டு மாதத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 98 வெள்ளி 33 காசு. நம்ம தோழர் ஒரே வாரத்தில் கட்டிய வட்டி இதைவிட அதிகம்! தவணை தவறினாலும், தவறிய தவணைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடுதான் கேட்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கடனாளியை மிரட்டுவதும் தொந்தரவு செய்வதும் குற்றம்.

இனி தவணை பேசப் போகும் முறை:

ஒன்று, வீட்டுக் கணக்கை எழுதுங்கள். அரிசி சாமான், மருந்து, பிள்ளைகளின் பஸ், தண்ணீர், கரண்டு இவைதான் முதல். இவை போக மிஞ்சுவதுதான் கடனுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, முதலில் மருந்தில் கை வைக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கில் நமக்கு 1 வெள்ளிதான், அதை நிறுத்தாதீர்கள்.

இரண்டு, தவணை தவறுவதற்கு முன்பே போங்கள். தனியாகப் போகாதீர்கள். மனைவியையோ கிளைத் தலைவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்று, கட்ட முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். "மாசம் நூத்தம்பதுதான் முடியும். புது வட்டி ஏத்தாம, தவணையை நீட்டிக் குடுங்க" என்று அடக்கமாக, ஆனால் அழுத்தமாகப் பேசுங்கள். பயத்தில் முந்நூறுக்குத் தலையாட்டிவிட்டு இரண்டாம் மாதமே தவறினால், அடுத்த தடவை உங்கள் பேச்சு எடுபடாது.

நான்கு, பேசி முடித்ததை எழுதி வாங்குங்கள். பேங்க் வழியாகக் கட்டுங்கள். ரொக்கமானால் ரசீது கேளுங்கள். ஐ.சி., பேங்க் கார்டு, எழுதாத தாளில் கையெழுத்து — இந்த மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஐந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதீர்கள். அது புண்ணுக்கு மேல் புண்.

"ஆலோங் கிட்ட இதெல்லாம் நடக்குமா ஐயா?" என்று கேட்பது காதில் விழுகிறது. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதே பெருங்குற்றம். 250,000 முதல் 10 இலட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் கடனைக் கோர்ட்டில் வசூலிக்கவும் முடியாது. வீட்டு வாசலில் சாயம் ஊற்றினாலும், பிள்ளைகளைச் சொல்லி மிரட்டினாலும், அன்றைக்கே போலீசில் புகார் செய்யுங்கள். கார்டு அவர்கள் கையில் இருந்தால் பேங்க்குக்குப் போய் அதை ரத்து செய்யுங்கள். இதையும் தனியாகச் செய்யாதீர்கள். கிளையிலிருந்து நாலு பேர் கூட நிற்க வேண்டும்.

கடன் வாங்குமுன் ஆபீசில் சம்பள முன்பணம் கேட்டுப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி அதற்கு வட்டி போடக் கூடாது.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன்பட்டு வருகிறவரிடம் "ஏன் வாங்கினாய்?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். "எவ்வளவு பாக்கி?" என்று கேளுங்கள். முதல் கேள்வி வாயை அடைக்கும். இரண்டாவது கேள்வி வழியைத் திறக்கும்.

கடைசியாக ஒன்று. கடன் தாங்காமல் உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயப்பட வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள். பிஃபிரண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 எண்ணில் இராப் பகலாக எந்நேரமும் அழைக்கலாம். பணம் போனால் சம்பாதிக்கலாம். நீங்கள் போனால் அந்தக் குடும்பத்துக்கு யார் தவணை கொடுப்பது?

நம்ம தோழர் கிளைச் செயலாளரோடு போலீசுக்குப் போனார். கார்டை மாற்றினார். கொதிப்பு முழுசாக இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்; மாத்திரை தொடர்கிறது. ஆனால் ராத்திரி தூங்குகிறார். அதுவே பாதி மருந்து.

பேசுங்கள், தோழர்களே! சேர்ந்து பேசுங்கள்.