நமக்கு எடுபடும் சேலை எது?

நம் சங்கச் செய்தி மடலில் உடையைப் பற்றியா எழுதுவது என்று பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். பக்தி விஷயங்கள் இடம்பெறும் பக்கத்தில் சேலைக்கும் ரவிக்கைக்கும் என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது பெண்களாகிய நாம் எதைப் பற்றி அதிகம் பேசுகிறோம் என்பதைச் சகோதரிகள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். எப்படியும் பேசத்தான் போகிறோம். அதைக் கொஞ்சம் பிரயோசனமாகப் பேசலாமே என்றுதான் இதை எழுதத் துணிந்தேன்.

அந்த வரிசையில் என் காதில் விழுந்தவை சில: "கறுத்த பிள்ளைக்கு உந்த மஞ்சள் எடுபடாது." "போன தேருக்கும் இந்தச் சேலைதானே அக்கா?" "உடம்பு வைத்துவிட்டது போல, பட்டுக் கட்டினால் இன்னும் பருமனாகத் தெரியும்." சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அதே கையால் அடுத்த நிமிடம் நமக்குச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறுகிறவர்கள்தாம். ஆயினும் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி தன் நிறத்தைப் பற்றி இப்படி இரண்டு முறை கேட்டாளாயின், மூன்றாவது வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சை வந்துவிடும். அதற்குப் பிறகு கோயில் பக்கம் வரவே மாட்டாள். இளையவர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீண்ட நேரம் வருந்துகிறோம். அதன் காரணங்களில் ஒன்று நம் நாக்கு நுனியிலேயே இருக்கிறது.

அந்த மஞ்சளைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். அபிஷேகம் முடிந்து திரை விலகும்போது நாம் காணும் அம்பாளின் திருமேனி கருங்கல். அதற்குக் குருக்கள் என்ன நிறம் சாத்துகிறார்? மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, குங்குமச் சிவப்பு. திரை விலகியதும் நாம் மெய்ம்மறந்து கைகூப்புகிறோம். "அம்மாளுக்கு இந்த நிறம் எடுபடவில்லை" என்று ஒருவராவது சொன்னதுண்டா? கறுப்பின் மேல் அந்த நிறங்கள் சுடர்விடுகின்றன என்பது அலங்காரம் செய்யும் கைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மதுரையில் இருப்பவள் பச்சை நிறத்தாள். பாஞ்சாலிக்குக் கிருஷ்ணை என்று பெயர் வந்ததே அவள் கரிய நிறத்தால்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வேறு சட்டம் வைத்திருக்கிறோம். 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பூச்சு மருந்தைத் தயாரித்தவர்களே 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நம் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை.

என் அபிப்பிராயத்தில், கரிய, மாநிற மேனிக்கு அழுத்தமான நிறங்கள் அழகு. சாம்பல் கலந்த வெளிர் நிறங்களே முகத்தைச் சோர்வாகக் காட்டுபவை. ஆனால் என் வார்த்தையையும் நம்ப வேண்டியதில்லை. சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் சேலையைப் பாராமல் முகத்தைப் பாருங்கள். முகம் தெளிந்தால் அது உங்கள் நிறம். சேலை மட்டும் தெரிந்தால் அதை மடித்துக் கொடுத்துவிடுங்கள். இதைக் கடையின் விளக்கில் பார்த்துப் பயனில்லை. ஈலிங் ரோடானாலும் டூட்டிங்கானாலும் ஈஸ்ட் ஹாமானாலும், கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மார்கழியில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. ஆகவே காலையிலேயே போவது உத்தமம்.

அடுத்தது ரவிக்கை, நம்மில் பாதிப் பேர் சட்டை என்போம். நூற்றுக்கணக்கில் பவுண் கொடுத்துக் காஞ்சிபுரம் வாங்குகிறோம். ரவிக்கையோ ஐந்து வருடத்துக்கு முந்திய அளவில் தைக்கக் கொடுக்கிறோம். தோளும் கையும் சேரும் இடத்தில் இறுக்கினாலும் தொங்கினாலும் எவ்வளவு விலையுயர்ந்த பட்டும் இரவல் வாங்கியது போலத்தான் தோன்றும். அளவு ரவிக்கையை அனுப்பாமல், உடம்பில் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். கையின் நீளம் மேற்கையின் மிகப் பருத்த இடத்தில் முடியாமல் அதற்குச் சற்றுக் கீழே முடிந்தால் கை மெலிந்து தெரியும். இது தையற்காரருக்குத் தெரியும்; கேட்டால்தான் செய்வார்.

குள்ளமானவர்களுக்கு அகலக் கரை ஆளை இரண்டாக வெட்டிவிடும். சிறுகரை உயர்த்திக் காட்டும். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் அந்த அகன்ற கரையும் கனமும் தாங்க உயரம் வேண்டும். பருத்த உடம்புக்கு விறைத்து நிற்கும் பட்டைவிட மெல்லிய மென்பட்டு நன்று. கொய்யகத்தை (தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்குக் கொசுவம்) ஒடுக்கமாக மடித்து, தலைப்பையும் மடிப்பு மடிப்பாகத் தோளில் ஊசி குத்தினால் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஓடி உருவம் நீளும். காலணியைப் போட்டுக்கொண்ட பிறகே சேலை கட்டத் தொடங்க வேண்டும். இல்லையேல் கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் சேலையோடுதான் கல்யாண மண்டபத்தில் நடக்க வேண்டிவரும்.

குளிரைக் காரணம் காட்டிச் சேலையைக் கைவிட்டவர்கள் பலர். உட்பாவாடைக்குள் கம்பளிக் காலுறையும், ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்து மூடிய மெல்லிய ஸ்வெட்டரும் போட்டுப் பாருங்கள். இளம் பெண்கள் இப்படிக் கட்டுவதைக் கண்டு "இதென்ன கோலம்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று நாம் ரவிக்கையும் உட்பாவாடையும் போட்டு, கொய்யகத்தை முன்னே வைத்துக் கட்டும் முறை இப்படிப் பரவுவதற்கு வழிகோலியவர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்துத் தம் கட்டை மாற்றிக்கொண்ட ஞானதானந்தினி தேவி. தாகூர் குடும்பத்து மருமகள். நம் பாட்டிமார் பலர் ரவிக்கையே இல்லாமல் வாழ்ந்தவர்கள். இந்தியாவில் சேலை கட்டும் முறைகள் நூற்றுக்கு மேல் என்று தேடித் தொகுத்திருக்கிறார்கள். ஆகவே ஸ்வெட்டரின் மேல் சேலை கட்டிய பிள்ளை எதையும் கெடுத்துவிடவில்லை. அவள் நூற்றோடு ஒன்று கூட்டுகிறாள். நான் கண்டிப்பாக நிற்பது ஒன்றில்தான். நைலான், பாலியெஸ்டர் சேலையோடு விளக்குக்கும் கர்ப்பூரத் தட்டுக்கும் அருகே போகாதீர்கள். அவை உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியோ பட்டோ ஆனாலும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே தீபம் தொட வேண்டும்.

ஒரே சேலையைத் திரும்பக் கட்டுவது குறைவு என்ற எண்ணத்தைப் பற்றி. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்காகக் காஞ்சிபுரத்து நெசவாளர் முத்துச் செட்டியார் ஆக்கிய நீலம் இன்றும் கடைகளில் 'எம். எஸ். நீலம்' என்றே கேட்டு வாங்கப்படுகிறது. ஒரு நிறம் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்குவதென்றால், அவர் அதைத் திரும்பத் திரும்ப உடுத்தியதால் அல்லவா? ஒவ்வொரு விழாவுக்கும் புதிது வாங்குகிறவளை யாரும் ஒரு நிறத்தோடு நினைவு வைப்பதில்லை. நான்கு நல்ல சேலை, நான்கும் தனக்கே உரியவை என்று சொல்லும்படி இருந்தால், அவளிடம் ஒரு பாணி இருக்கிறது. இந்த வரிசைக் கேள்விக்குப் பயந்து கடன் அட்டையில் பட்டு வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு என்பதும் நாம் அறியாததல்ல.

கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1933இல் கணவர் கிட்டப்பா மறைந்த பிறகு வெள்ளை உடையும் திருநீறுமாகவே வாழ்ந்தார். அந்த வெள்ளையில் ஒரு கம்பீரம் இருந்தது. அவர் தாமே ஏற்றுக்கொண்டது அது. கணவரை இழந்த நம் சகோதரியொருத்தி மெரூன் நிறச் சேலையில் வந்தால் வரிசை சட்டென்று மௌனமாகிறதே, அந்த மௌனம் சுமத்தும் வெள்ளை வேறு. அவருக்கு மெரூன் பிடிக்குமானால் மெரூனே கட்டட்டும். பக்கத்தில் இருப்பவர் "நல்லாயிருக்கு அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெண் பிள்ளைகளிடம் சேலையைத் திணிக்க வேண்டாம். சுரிதாரில் வந்தாலும் நீண்ட பாவாடையில் வந்தாலும் அடக்கமாக வந்தால் அம்பாளுக்குச் சம்மதமே. ஆனால் அம்மாவின் பெட்டியை ஒருநாள் திறந்து, "எது வேண்டுமோ எடு, எப்படி வேண்டுமோ கட்டிப் பார்" என்று விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். அருகில் நின்று திருத்தாதீர்கள்.

நிர்வாகக் குழுவுக்கும் ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியப் பூசைக்குப் பின் மண்டபத்தின் பின்னறையை எங்களுக்குத் தர வேண்டும். ஆளுயரக் கண்ணாடி ஒன்று வேண்டும். கட்டத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். பெட்டியில் தூங்கும் சேலைகளைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளட்டும். பெரியம்மாமார் வந்தால் மெத்தச் சந்தோஷம். நிறத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேசாமலிருப்பது மட்டும் நிபந்தனை. ஊசிப் பெட்டியை நான் கொண்டுவருகிறேன்.