தூண்டிலும் எமது பிள்ளைகளும்



ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை என்றால் தமிழின் தொன்மை பற்றியோ பெற்றோரின் கடமை பற்றியோ எழுதுவதே வழக்கம். நாமும் பலமுறை அவ்வாறே எழுதியுள்ளோம். இம்முறை மீன்பிடித்தல் பற்றி எழுதத் துணிந்தோம். கடந்த கோடை விடுமுறையில் நாம் கண்ட ஒரு காட்சியே அதற்குக் காரணமாகும்.

நாம் வாழும் இங்கிலாந்தில் மீன் விடப்பட்ட ஏரிகள் பல உள்ளன. கட்டணம் செலுத்தினால் நாள் முழுவதும் தூண்டிலிடலாம். அத்தகைய ஏரியொன்றில் எம்மவர் ஒருவர் ஏறத்தாழ ஐந்து இறாத்தல் நிறையுள்ள கார்ப் மீனொன்றைப் பிடித்தார். பிடித்த மகிழ்ச்சியில் அதனைப் பொலித்தீன் பையிலிட்டு முடிந்தார். ஏரிக் காவலர் விரைந்து வந்து தடுத்தார். அவர் கூறியது தந்தைக்கு முழுதாக விளங்கவில்லை. 12 வயது மகனே இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். மீன் நீருக்குத் திரும்பியது. தந்தையும் மகனும் தலைகுனிந்து புறப்பட்டனர். எம்மைக் கடந்து செல்கையில் அச்சிறுவன் ஆங்கிலத்தில் கூறியது இதுதான்: அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் தந்தை கடற்கரைக் கிராமமொன்றிற் பிறந்து வளர்ந்தவர். அவர் தூண்டில் முள்ளை நொடிப்பொழுதிற் கட்டியதைப் பக்கத்திலிருந்த ஆங்கிலேய முதியவர் வியந்து நோக்கியதை நாம் கண்டோம். அவர் அறியாதது இந்நாட்டுச் சட்டம் ஒன்றே. அவர் அறிந்தவற்றை மகன் அறியவில்லை. மீனை இழந்தது பெரிதன்று. மகனின் மதிப்பைத் தந்தை இழந்ததே எமக்குப் பெரிதாகப் பட்டது.

முதலிற் பெற்றோருக்கு ஒரு சொல். இந்நாட்டில் சல்மன், ட்ரவுட் முதலியன நீங்கலான நன்னீர் மீன்களைப் பிடிப்போர் பெரும்பாலும் அவற்றை உயிருடன் திருப்பி விடுகின்றனர். கார்ப், டென்ச், பிறீம், றோச், பேர்ச் என்பன அவ்வகையின. ஏரிக்குள் உள்ள மீன் பொதுச்சொத்து அன்று. உரிமையாளர் விலைகொடுத்து வாங்கி விட்ட மீன் அது. அவரது அனுமதியின்றி எடுத்துச் செல்வது 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். மேலும், கார்ப் பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. றிச்சர்ட் வாக்கர் என்பவர் 1952இல் றெட்மையர் குளத்தில் 44 இறாத்தல் நிறையுள்ள கார்ப் ஒன்றைப் பிடித்தார். இலண்டன் மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்ட அம்மீன் 1971 வரை அங்கே உயிர்வாழ்ந்தது. அவ்வாறான உயிரை ஒருநாட் கறிக்காக எடுத்துவிட்டால் அடுத்து வருபவருக்கு ஏரி வெறுமையாகிவிடும்.

உரிமப் பத்திரமும் அவசியம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது வேண்டியதில்லை. 13 முதல் 16 வயது வரையுள்ளோர் இலவசமாகப் பெறலாம். அதற்கு மேற்பட்டோர் பணம் செலுத்த வேண்டும். ஏரிக்குரிய நாட்சீட்டு இதனின் வேறானது; இரண்டும் கையில் இருத்தல் வேண்டும். மார்ச் 15 முதல் யூன் 15 வரை ஆறுகளில் இவ்வகை மீன்களைப் பிடிக்கக் கூடாது. பெரும்பாலான ஏரிகளுக்கு இத்தடை இல்லையாயினும் அந்தந்த ஏரியின் விதிப்பலகையை வாசித்த பின்னரே தூண்டிலைத் தொட வேண்டும். வாசிக்க இடர்ப்படும் பெற்றோர் பிள்ளையிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. காவலர் வந்தபின் மொழிபெயர்ப்பதிலும் முன்னரே வாசித்துக் காட்டுவது பிள்ளைக்கும் பெருமை.

அடுத்து மாணவர்களுக்கு. தூண்டிலிடுதல் சோம்பேறியின் பொழுதுபோக்கு என எண்ணாதீர்கள். முதலில் முள்ளில் சிறு பாரத்தைக் கட்டி இறக்கி நீரின் ஆழத்தை அறிய வேண்டும். பின்னர் மிதப்பின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியுமாறு குண்டுகளைத் தங்கூசியிற் பொருத்த வேண்டும். மிதப்பு அதிகம் வெளியே நின்றால் மீன் அதன் எதிர்ப்பை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும். சிறிய ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்தமையால், மிகச் சிறியனவும் மிகப் பெரியனவும் தவிர்ந்த ஈயக்குண்டுகள் 1987 முதல் தடைசெய்யப்பட்டன. கடையில் ஈயமல்லாக் குண்டுகளையே கேட்டு வாங்குங்கள்.

இரைக்குப் பெருஞ்செலவு வேண்டாம். ஈப்புழுவைச் சிறிய மீன் பெரிய மீன் எல்லாம் கொத்தும். தகரத்தில் அடைத்த இனிப்புச் சோளத்தைக் கோத்தால் சிறுமீன்களின் தொல்லை குறையும். பேர்ச்சுக்கு மண்புழு உகந்தது. வெயில் நாளில் மேலே மிதக்கும் பாண் துண்டைக் கார்ப் வந்து உறிஞ்சுவது கண்கொள்ளாக் காட்சி. தூவும் இரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தேடி வராது. பெரிய மீன் நடு ஏரியிலேதான் உண்டென்று தூர எறியாதீர்கள். நாணலும் அல்லியும் அடர்ந்த கரையோரத்திலேயே பல வேளைகளில் அது மேய்கின்றது. நீருக்கு மேல் நுண்ணிய குமிழிகள் கொத்தாக எழுந்தால் அடியில் டென்ச் மேய்வதாக இருக்கலாம்.

இங்கே சக ஆசிரியர் ஒருவர் எம்மிடம் எழுப்பிய வினாவைச் சொல்லியே ஆகவேண்டும். “பசிக்குப் பிடிப்பது நியாயம், நோகடித்துவிட்டுத் திரும்ப விடுவது விளையாட்டா?” என்றார் அவர். இதனை எளிதில் ஒதுக்க எம்மால் இயலவில்லை. மீனுக்கு நோவே இல்லை என்று கூறி எம்மை நாமே ஏமாற்றவும் மாட்டோம். மனம் ஒப்பாதோர் விலகி நிற்கட்டும். பிடிப்போர் வதையைக் குறைக்கும் கடமையை ஏற்க வேண்டும். எதிர்முள் இல்லாத முள்ளையே பயன்படுத்துக. மீனை அத்தாங்கினால் ஏந்துக. கையை நனைத்த பின்னரே தொடுக. உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். மெத்தென்ற ஈர விரிப்பில் கிடத்தி முள்ளை நீக்கி, விரைவில் நீரில் விடுக. தன் கையிலுள்ள உயிரிடம் இரக்கம் காட்டப் பழகும் பிள்ளை மனிதரிடமும் அதனைக் காட்டுவான் என்பது எமது நம்பிக்கை.

இறுதியாக மொழி. தங்கூசி, மிதப்பு, அத்தாங்கு, இரை, முள் ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் எமது மாணவர் மனப்பாடம் செய்து சோதனை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஏரிக்கரையில் “அத்தாங்கை எடு” என்று தந்தை கூவும்போது அச்சொல் ஒருநாளும் மறவாது. காலமறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கொக்கின் காத்திருப்பை உவமையாகக் காட்டினார். நாம் அதனைப் படத்திலே காட்டிக் கற்பிக்கின்றோம். கொக்கின் இனமாகிய சாம்பல் நாரையோ இந்நாட்டு ஏரிகளில் நாள்தோறும் அசையாது நிற்கின்றது.

ஆகவே எமது வேண்டுகோள் சிறியது. வருகின்ற கோடை விடுமுறையில் ஒரேயொரு நாளைப் பிள்ளையுடன் ஏரிக்கரையிற் கழியுங்கள். விதிப்பலகையைப் பிள்ளை வாசிக்கட்டும். முள்ளைத் தந்தையோ தாயோ கட்டிக் காட்டட்டும். மீன் கிடைக்காமலும் போகலாம். வீடு திரும்பும் வழியில் “அப்பாவுக்கு எல்லாம் தெரியும்” என்று பிள்ளை சொல்ல வேண்டியதில்லை. “அப்பா, அந்த முடிச்சை எப்படிக் கட்டினீர்கள்?” என்று கேட்டால் அதுவே போதும்.