பொறுப்பேற்றவர் என்ன இழந்தார்?

2023 ஜனவரி 20. அமெரிக்காவில் கூகுள் ஊழியர்கள் பலருக்கு அன்று விடிந்தபோது வேலை இல்லை. அலுவலகக் கணக்கில் நுழைய முடியாதபோதுதான் சிலருக்கு விஷயமே உறைத்தது. உலகம் முழுவதும் சுமார் 12,000 பேருக்கு வேலை போகிறது என்று அறிவித்த தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சை, இந்த நிலைக்குக் கொண்டுவந்த முடிவுகளுக்கு முழுப் பொறுப்பையும் தானே ஏற்பதாக எழுதினார். இரண்டு மாதம் முன்பு 11,000 பேரை அனுப்பிய மெட்டாவின் மார்க் சக்கர்பர்க் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் பிச்சை. அந்தத் தமிழ்நாட்டில் பொறுப்பேற்பு என்றால் அரியலூர்தான் நினைவுக்கு வரும். 1956 நவம்பரில் அங்கே ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இத்தனைக்கும் ரயிலை ஓட்டியவர் அவரல்ல.

கூகுள் கதையில் ஓட்டியவர்கள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டில் 2021 இறுதியில் 1,56,500 பேர்; மறு ஆண்டு இறுதியில் 1,90,234. இப்படி ஆள் எடுக்கச் சொன்னது தலைமை. கணக்குப் போட்டவர்கள் நாற்காலியில் இருக்க, அதை நம்பி இருந்த வேலையை விட்டு வந்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

பணக் கணக்கு இன்னும் உறுத்துகிறது. பிச்சையின் 2022-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பு சுமார் 22.6 கோடி டாலர் என்பது 2023 ஏப்ரலில் வெளியானது. அதில் பெரும்பகுதி மூன்றாண்டுக்கு ஒருமுறை தரப்படும் பங்குகள். அதை ஓராண்டுச் சம்பளம் என்று சொல்வது நியாயமில்லை. மூத்த அதிகாரிகளின் போனஸ் குறையும் என்றும் அவர் அறிவித்திருந்தார். ஆனால், அதே ஏப்ரலில் தன் பங்குகளையே 7,000 கோடி டாலர் வரை திரும்ப வாங்க ஆல்ஃபபெட் ஒப்புதல் தந்தது. பொருளாதாரச் சூழல் மாறிவிட்டது என்று பிச்சை தந்த விளக்கத்தை வேலை இழந்தவர் எப்படி ஏற்பார்?

வேறு வழியே இல்லையா? ஜூம் நிறுவனத்தின் எரிக் யுவான் 1,300 பேரை நீக்கியபோது, தன் சம்பளத்தில் 98 சதவீதத்தை வெட்டிக்கொண்டார். (அவருடைய சொத்துக்கு அது கைச்செலவுக் காசு என்பது வேறு விஷயம்.) வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் தலைவர் சடோரு இவாடா கொஞ்சம் கூடுதலாகவே யோசித்தார். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களால் மக்களை அசத்தும் விளையாட்டுகளை உருவாக்க முடியாது என்று 2013-இல் பங்குதாரர்களிடம் சொன்னார். மறு ஆண்டு வியாபாரம் சரிந்தபோது, ஐந்து மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டார். இதில் இரக்கம் மட்டுமல்ல, வியாபார புத்தியும் இருக்கிறது.

இவையெல்லாம் அவரவர் மனம் வைத்துச் செய்தவை. மனம் வைக்காதவர்களை வற்புறுத்தவும் வழியில்லை. ஆல்ஃபபெட்டின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் நிறுவனர்கள் இருவரிடம். மெட்டாவில் அது சக்கர்பர்க் ஒருவரிடம். மற்ற பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டாலும் தலை அசையாது. அதனால்தான், ஆள்குறைப்பு நடக்கும் ஆண்டில் உயர் அதிகாரிகளுக்கு போனஸ் கிடையாது என்பது விதியாகவே எழுதப்பட வேண்டும்.

2025 பிப்ரவரியில் மெட்டா தன் ஊழியர்களில் சுமார் 5 சதவீதம் பேரை நீக்கியது. அதே மாதம், சக்கர்பர்க் நீங்கலாக, உயர் அதிகாரிகளின் போனஸ் இலக்கை அடிப்படைச் சம்பளத்தின் 75 சதவீதத்திலிருந்து 200 சதவீதமாக உயர்த்தியது.