கொப்பியில் ஒரே ஒரு வரி



வாகரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பாடசாலைக் கொப்பித் தாள் இரண்டில், இரு பக்கமும் நெருக்கமாக எழுதிய கடிதம். 2006-ஆம் ஆண்டின் கடைசியில் கணவரை இழந்தவர். அப்போது மூத்தவளுக்கு நாலு வயது, இளையவன் கைக்குழந்தை. இன்று மூத்தவள் கலியாணம் முடித்துவிட்டாள், இளையவன் மேசன் வேலைக்குப் போகிறான். அவர் கேட்பது இதுதான்: "பிள்ளைகளைக் கரை சேர்த்துவிட்டாய், கடவுளுக்கு நன்றி சொல்லு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் எதற்கு நன்றி சொல்வது? அவரை எடுத்துக்கொண்டதற்கா? நன்றி சொல்ல வாய் வராததால் நான் கெட்டவளா?"

இந்தக் கடிதத்தை மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உடனே பதில் எழுத வரவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் "நன்றி சொல்லுங்கள்" என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருத்தி.

2018-இல் வன்னியில் ஒரு கிராமத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்னர்தான் கொழும்பில் ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். அங்கே சொல்லித் தந்த பயிற்சிகளில் ஒன்று, ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் அன்றைய நாளில் நன்றி சொல்லத்தக்க மூன்று விடயங்களை எழுதுவது. எனக்கு அது நல்லதாகவே பட்டது. பூப்படம் போட்ட 40 பக்கக் கொப்பிகள் வாங்கி, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் கூடிய 11 பெண்களுக்கும் கொடுத்தேன். எல்லாருமே போரில் யாரையாவது இழந்தவர்கள்.

முதல் வாரம் சிலர் எழுதி வந்தார்கள். மழை பெய்தது, கோழி அடை கிடக்கிறது, மகன் பள்ளிக்கூடம் போனான். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து எழுதியவர்களும் உண்டு, அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரின் கொப்பி மட்டும் வெறுமையாக இருந்தது. இரண்டாம் வாரமும் அப்படித்தான். மூன்றாம் வாரம் கொப்பியை என்னிடம் நீட்டி, "பிள்ளை, இதை வேற ஆருக்கும் குடுங்கோ. வீணாக் கிடக்குது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்திருக்கலாம். பட்டறையில் கற்றதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. "உங்களுக்கு இன்னும் ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள் இருக்கினமே அம்மா, அதை நினைச்சுப் பாருங்கோவன்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு பேர் இருக்கினம் எண்டு எனக்கு எண்ணத் தெரியும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். 2003-இல் அமெரிக்காவில் எமன்ஸ், மக்கலா என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இப்படியான பயிற்சிகளைப் பிரபலமாக்கியது. நன்றிக்குரியவற்றை எழுதி வந்தவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொன்னது. அதில் பங்குபற்றியவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக மாணவர்கள். நரம்புத்தசை நோயுள்ள ஒரு குழுவினரும் இருந்தார்கள். ஆய்வில் பிழை இல்லை. பரீட்சைக் கவலையோடு இருக்கும் மாணவிக்குப் பொருந்திய சட்டையை, பிள்ளையைத் தன் கையால் புதைத்த தாய்க்கு அளவு பாராமல் போட்டுவிட்டது நான்தான்.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் அந்த அம்மா வரவில்லை. வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கிடுகு பின்னத் தெரியும், பக்கத்தில் இருந்து ஒரு ஓலையை எடுத்துப் பின்னத் தொடங்கினேன். இரண்டாவது கிடுகு முடியும்போது அவராகவே சொல்லத் தொடங்கினார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. 2009 ஏப்ரலில் மாத்தளனில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்தது. தூக்கிக்கொண்டு வந்து பங்கருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். உடலைச் சுற்ற ஒரு துணி இல்லை. அந்த நாட்களில் வன்னியில் சீலைகளை வெட்டித்தான் பங்கருக்கு மண்மூட்டை தைத்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த அம்மாவும் தன் சீலைகள் எல்லாவற்றையும் தைத்து முடித்திருந்தார். உடுத்திருந்தது ஒன்றுதான். அப்போது பக்கத்துத் தறப்பாளுக்குள் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பையைத் திறந்து கூறைச்சீலையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"எத்தனை இடம் பெயர்ந்தும் விடாமல் காவிக்கொண்டு வந்த கூறை, பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லாமல் தந்தவ. என்ர பிள்ளை கலியாணம் காணேல்லை, கூறையோட போனவள். அந்த மனிசியின்ர பேரை நான் கேக்கேல்லை. விடிய எழும்பினால் சனம் வேற பக்கம் போட்டுது."

ஒன்பது வருடமாக இதை அவர் தன் மகன்மாருக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. மகளைப் பற்றிக் கதைத்தாலே வீட்டில் எல்லாரும் "விடுங்கோ அம்மா, நினையாதேங்கோ" என்று வாயை அடைத்துவிடுவார்களாம். அன்பினால்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மகளைப் பற்றிக் கதைக்க முடியாதபோது, கூறை தந்த பெண்ணைப் பற்றியும் கதைக்க முடியாமல் போய்விட்டது.

அடுத்த கூட்டத்துக்கு வந்தார். கொப்பியைத் திரும்பக் கேட்டு வாங்கினார். அதில் ஒரே ஒரு வரி எழுதினார்: "கூறை தந்த மனிசிக்கு." அதற்குப் பிறகும் அந்தக் கொப்பியில் அவர் வேறொன்றும் எழுதவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு அந்த வரியைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது நமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கம். "31ஆம் நாள் நினைவஞ்சலியும் நன்றி நவிலலும்" என்று போடுவோமே, அது. செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கு, மலர்வளையம் வைத்தவர்களுக்கு, அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கறி கொண்டுவந்த அயலவர்களுக்கு, பந்தல் போட்ட பொடியன்களுக்கு என்று எல்லாருக்கும் நன்றி சொல்லுவோம். போனவருக்காக யாரும் நன்றி சொல்வதில்லை. போனபோது கூட நின்றவர்களுக்குத்தான் சொல்கிறோம். இழவு வீட்டில் நன்றியை எங்கே வைப்பது என்று நம் சனங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு நான் கொழும்பிலிருந்து கொப்பி கொண்டு போனேன்.

2009-இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் போனவர்களுக்குச் செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, கல்வெட்டு இல்லை. ஆகவே அந்த நன்றி நவிலலும் இல்லை. அந்த அம்மா ஒன்பது வருடம் கழித்து எழுதியது அதைத்தான்.

பல்கலைக்கழகத்தில் எமில் டேர்கைம் என்ற பிரெஞ்சு அறிஞரைப் படித்தோம். 1912-இல் வெளிவந்த நூலில் அவர், துக்கம் காப்பது தனி ஒருவரின் உணர்ச்சி வெளிப்பாடு மட்டுமல்ல, சமூகம் தன் உறுப்பினர்மீது வைக்கும் ஒரு கடமை, கூடி அழுவதால் அந்தச் சமூகம் தன் பலத்தைத் திரும்பப் பெறுகிறது என்று விளக்கினார். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தேன். அவருடைய சொந்தக் கதை எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. முதலாம் உலகப் போரில் அவருடைய மகன் அந்திரே 1915 டிசம்பரில் பல்கன் போர்முனையில் இறந்தார். முதலில் காணாமற் போனவர் என்றுதான் செய்தி. உறுதியாகத் தெரிய மாதக்கணக்காயிற்று. மகனின் பேச்சைத் தன் முன்னே எடுக்க விடமாட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1917 நவம்பரில், 59 வயதில் அவரும் போய்விட்டார். கூடி அழுவதன் பயனை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர், தன் பங்குக்கு வந்தபோது தனியே இருந்து வாய் மூடிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிடுகு பின்னும்போது பக்கத்தில் வந்திருக்க அவருக்கு ஒருவர் கிடைத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

நமது கடிதச் சகோதரி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மகளின் கலியாண வீட்டில் ஒரு பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். அன்றிரவு முழுக்க "அவர் இல்லாமல் நான் எப்படிச் சிரித்தேன்" என்று தூக்கம் வரவில்லையாம். சகோதரி, இது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். இழவிரக்கத்தில் இருப்பவரின் மனம் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வரும். ஒரு பக்கம் போனவரின் நினைவு, மறுபக்கம் அடுப்பு, பள்ளிக்கூடம், கடன், கலியாணம். இரண்டு பக்கமும் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்பது அவர்கள் கருத்து. கிணற்றடியில் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிற பெண்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே செய்து வருகிறார்கள். நீங்கள் சிரித்ததால் அவருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

"மறந்துவிடு" என்பவர்களுக்கும் ஒரு சொல். போனவரோடுள்ள உறவை வெட்டிவிட்டால்தான் மனம் ஆறும் என்று ஒரு காலம் உளவியலாளர்களும் நினைத்தார்கள். 1990-களில் அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. உறவு வேறு வடிவத்தில் தொடரலாம், அது நோயல்ல என்று இப்போது சொல்கிறார்கள். நமக்கு இது புதிதா? ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்கும் சித்திரா பௌர்ணமிக்குத் தாய்க்கும் விரதம் இருக்கிறோம். கார்த்திகை 2-இல், அதாவது நவம்பர் 2-இல், கத்தோலிக்கச் சகோதரிகள் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். முஸ்லிம் சகோதரிகள் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கிறார்கள். பிள்ளையை இழந்த தாய்க்குத்தான் நாட்காட்டியில் ஒரு நாள் இல்லை. பிள்ளைக்குத் தாய் செய்யும் முறை இருக்கக்கூடாது என்றே முன்னோர் நினைத்தார்கள்போலும்.

அந்த அம்மா தானே ஒரு முறை வைத்துக்கொண்டார். ஏப்ரலில் மகள் போன நாளன்று அவளுக்குப் பிடித்த பிட்டும் மாம்பழமும் படைக்கிறார். கிடுகு விற்ற காசில் ஒரு சீலை வாங்கி, கஷ்டப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறார். அறிமுகமில்லாத ஆளாகப் பார்த்துத்தான் கொடுப்பாராம். பெயர் கேட்கமாட்டாராம். மகன்மார் முதல் வருடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருடம் இளைய மகன் மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். இப்போதும் அவர் அழுகிறார். ஆனால் அழும்போது வீட்டில் யாரும் எழும்பிப் போவதில்லை.

காணாமற் போனவர்களின் உறவினர்களுக்கு நான் இதையெல்லாம் சொல்லமாட்டேன். "திவசம் செய்தால் நானே அவனைக் கொன்றது மாதிரி" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். உண்மை தெரியாமல் துக்கம் காக்கச் சொல்வது அநியாயம். அதைப் பற்றித் தனியாக ஒரு மாதம் எழுதுகிறேன்.

சில சகோதரிகளுக்குத் துக்கம் ஒரு கட்டத்துக்குமேல் நோயாக மாறுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறையில் உள்ள நோய்ப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைந்தது ஆறு மாதத்துக்கு மேலாக, அவரவர் சமூக, சமய வழக்கத்தையும் மீறி, அன்றாட வேலையே செய்ய முடியாதபடி துயரம் அழுத்தினால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். வருடாவருடம் அழுவது நோயல்ல. சாப்பாடும் நித்திரையும் இல்லாமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்றால் உங்கள் பகுதி உளவளத்துணையாளரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ கேளுங்கள்.

வாகரைச் சகோதரிக்கு: நீங்கள் கெட்டவள் இல்லை. அவர் போனதற்கு யாருக்கும் நீங்கள் நன்றி சொல்லத் தேவையில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில், இடம் போதாமல் சரித்து எழுதியிருந்த இரண்டு வரியை நான் பலமுறை வாசித்தேன். செல்லடிக்குள்ளே உங்கள் கணவரைத் தன் உழவு இயந்திரத்தில் ஏற்றி வைத்தியசாலைவரை கொண்டுபோன பொடியன், திரும்பி வந்து உங்கள் கைக்குழந்தைக்கு ஒரு பால்மாப் பைக்கற் தந்துவிட்டுப் போனான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குமேல் அவனைப் பற்றி ஒன்றுமில்லை. தாள் முடிந்துவிட்டது. அவன் என்ன உயரம், என்ன சொன்னான், உழவு இயந்திரம் என்ன நிறம், நினைவில் உள்ளதை எழுதி அனுப்புங்கள். உங்கள் இளைய மகனுக்கு இந்தக் கதை தெரியுமா என்பதையும் எழுதுங்கள். இந்த முறை தாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.