நின்றானா, நிறுத்தினார்களா?

‘டிராப் அவுட்’.

இங்கிலீஷ் படிக்காதவர்கள்கூட இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்கிறார். தாலுகா ஆபீசில் சொல்கிறார்கள். பத்திரிகையிலும் அடிக்கடி வருகிறது.

இதற்கு என்ன பொருள்?

‘டிராப்’ என்றால் விழுவது. ‘அவுட்’ என்றால் வெளியே. இரண்டையும் சேர்த்தால், வெளியே விழுவது. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைக்கு இங்கிலீஷ்காரர் வைத்த பெயர் இது.

இங்கிலீஷில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னால் ஒட்டும் குட்டிச் சொல் மாறினால் பொருளே மாறிவிடும். ‘டிராப் இன்’ என்றால், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது. ‘டிராப் ஆப்’ என்றால், ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிடுவது. உட்கார்ந்தபடியே தூங்கிப்போவதற்கும் அதே சொல்தான்! “என்னை பஸ் ஸ்டாண்டில் டிராப் பண்ணிவிடு” என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்களே, அதில் குட்டிச் சொல்லை நாம் விழுங்கிவிட்டோம்.

‘டிராப் அவுட்’டுக்கும் பல பொருள் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் நடுவே விலகுகிறவர் டிராப் அவுட். தேர்தலில் போட்டி வேண்டாம் என்று ஒதுங்கும் வேட்பாளரும் அப்படியே. 1960-களில் அமெரிக்காவில் வேலையும் வேண்டாம், வசதியும் வேண்டாம் என்று தலைமுடி வளர்த்துத் திரிந்த வாலிபர்களுக்கும் இதே பெயர்தான்.

விலகு, ஒதுங்கு, பின்வாங்கு, கைவிடு. தமிழில் இதற்கு ஈடான சொற்கள் இவை. எல்லாவற்றிலும் ஒன்று பொது. விலகுகிறவரே முடிவு செய்கிறார். யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை.

பள்ளிப் பிள்ளைக்கு இந்தச் சொல் பொருந்துமா?

செம்மேட்டில் என்ன நடக்கிறது?

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ் மேலே ஏறுகிறது. மலையின் தாலுகா தலைநகர் செம்மேடு. வல்வில் ஓரியின் சிலை நிற்கும் ஊர்.

மலையில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ் பேசும் மலைவாசிகள் இவர்கள். சாமை, கேழ்வரகு, மரவள்ளி, மிளகு, காப்பி, அன்னாசி, பலா எல்லாம் இங்கே விளைகிறது.

விளைந்தும் போதவில்லை. மிளகு பறிக்கும் பருவத்தில் கேரளத்துக்கும் குடகுக்கும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. தாயும் தகப்பனும் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பிள்ளையும் கூடப் போகிறது. அல்லது மூத்த பெண் வீட்டில் நின்று, தம்பி தங்கைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள்.

பள்ளியில் சேர்ந்த பிள்ளை சொல்லாமல் 45 நாள் வராமல் இருந்தால், அது ‘பள்ளி செல்லாப் பிள்ளை’ என்று மத்திய அரசு ஒரு கணக்கு வகுத்திருந்தது. மிளகுப் பருவம் முடிந்து குடும்பம் திரும்பும்போது, பிள்ளையின் பெயர் அந்தப் பட்டியலுக்குப் போயிருக்கும். டிராப் அவுட்!

அந்தப் பிள்ளை தானாகவா விழுந்தது?

தன்வினை, பிறவினை

நம் இலக்கணத்தில் இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. ‘நின்றான்’ என்றால் தன்வினை. செய்தவன் அவனே. ‘நிறுத்தினார்கள்’ என்றால் பிறவினை. செய்தவர் வேறு ஆள்.

கிராமத்தில் கேளுங்கள். “பையன் நின்னுட்டான்” என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், “நிறுத்திட்டோம்” என்று வரும். இன்னும் கொஞ்சம் கேட்டால், “என்ன செய்ய, படிப்பு நின்னு போச்சு” என்று பெருமூச்சு வரும். அதில் ஆளே இல்லை!

அரசாங்கத் தாளில் ‘இடைநிற்றல்’ என்று எழுதுகிறார்கள். நல்ல தமிழ்தான். ஆனால் அதுவும் தன்வினை. நின்றது பிள்ளை என்றுதான் அதுவும் சொல்கிறது. இங்கிலீஷ் சொல்லின் கோளாறு தமிழுக்கும் வந்துவிட்டது. இங்கிலீஷிலேயே கல்வி அறிஞர்கள் சிலர் இதைக் கண்டு, ‘புஷ் அவுட்’ என்று வேறு சொல் போட்டார்கள். வெளியே தள்ளப்பட்டவர் என்று அர்த்தம். அது ஏனோ நம் ஆபீஸ்களுக்கு வந்து சேரவில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பிள்ளை நின்றான் என்று நினைத்தால், பிள்ளைக்குப் புத்தி சொல்வோம். நிறுத்தப்பட்டான் என்று நினைத்தால், நிறுத்தியது எது என்று தேடுவோம்.

1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார். பசி பிள்ளையை நிறுத்துகிறது என்று அவர் கண்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தது. அதே ஆண்டில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டமும் வந்தது. எல்லாம் பிறவினைக் கணக்குத்தான்.

ஆனால் கல்லூரி வாசலுக்கு வந்தால்தான் அந்த 1,000 ரூபாய். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட மலைப் பெண்ணுக்கு அது எட்டாது.

எட்டாவது என்பது பொல்லாத இடம். 2010-ல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. அதற்கு மேல் கட்டாயம் இல்லை. 2024-25 அகில இந்தியக் கணக்கைப் பாருங்கள். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் படிப்பை விட்டவர்கள் நூற்றுக்கு 3.5 பேர். 9-ம் வகுப்புக்கு மேலே அது 8.2. இரண்டு மடங்குக்கும் அதிகம்! 2011 ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். பழங்குடி மக்களில் 54 பேர்தான்.

மலையில் ஆரம்பப் பள்ளி பக்கத்தில் இருக்கும். மேல் வகுப்புக்குத் தூரம் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே அனுப்பத் தாய் தயங்குகிறாள். பழங்குடி ஜாதிச் சான்றிதழ் என்றால் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தர வேண்டும். அதற்கு அலைகிற நாள் எல்லாம் தகப்பனுக்குக் கூலி போச்சு.

பரீட்சையும் ஒன்று உண்டு. 5, 8-ம் வகுப்புகளில் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று 2024 டிசம்பரில் மத்திய அரசு விதி மாற்றியது. எட்டாவது வரை நிறுத்தி வைக்கமாட்டோம் என்று தமிழ்நாடு அரசு அப்போது அறிவித்தது. வகுப்பில் நிறுத்தினால், பள்ளியை விட்டே நின்றுவிடுவான் என்ற பயம்தான் காரணம். பாருங்கள், இங்கேயும் அதே இரண்டு வினைகள்!

தானாக நிற்கிற பையனே இல்லையா? உண்டு. கையில் கூலிக் காசைப் பார்த்த 15 வயதுப் பையனுக்குப் புத்தகம் கசக்கும். ஆனால் அவனை முதலில் தோட்டத்துக்குக் கூட்டிப் போனது யார் என்று கேட்டால், மறுபடியும் பிறவினைதான் வரும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படிப்பு நின்ற பிள்ளை இருக்கிறதா? சட்டம் தருவதைத் தெரிந்துகொள்ளுங்கள். 6 முதல் 14 வயதுள்ள பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. அப்படிச் சேர்ந்த பிள்ளை 14 வயதுக்குப் பிறகும் எட்டாவது முடிக்கும் வரை இலவசமாகப் படிக்கலாம். பிறப்புச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை, ஜூன் மாதம் போய்விட்டது என்று திருப்பி அனுப்பக்கூடாது. தங்கிப் படிக்க, மலையில் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கல்விச் சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 14417 என்ற போன் எண் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தாலோ, 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் பேசினாலோ 1098-க்குச் சொல்லலாம்.